கடைசி சிகரெட் விழா

தனசேகரன் பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். செவிலிமேட்டில் சொந்த வீடு. காஞ்சிபுரத்தில் குப்புசாமியின் பட்டுச்சேலைக் கடையில் வாசல் காவல் வேலை. போன ஆடி மாதம் அவருடைய இடது காலில் ஒரு விரலை எடுத்தார்கள். பீடியால் ரத்தக் குழாய் சுருங்கிவிட்டது என்றும், இப்படியே இழுத்துக்கொண்டிருந்தால் அடுத்து பாதத்தை எடுக்க வேண்டியிருக்கும் என்றும் டாக்டர் சொன்னார். தனசேகரன் அதை நம்பினார். பீடியை விட்டுவிட வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தார். ஆனால் முடியவில்லை.

முடியாததற்குக் காரணம் இருந்தது. பதினொரு வருடத்துக்கு முன்னால் வடக்கே ஒரு மலைச்சாலையில் அவர் போன வண்டி கண்ணிவெடியில் ஏறியது. பின்னால் உட்கார்ந்திருந்த அவர் தூக்கி வீசப்பட்டுப் பிழைத்தார். முன்னால் இருந்த இருவரும் வண்டியோடு எரிந்துபோனார்கள். அந்த நாற்றம் மூக்கை விட்டுப் போகவில்லை. பீடிப் புகை உள்ளே போனால் கொஞ்ச நேரம் அது அமுங்கும்.

ஊருக்கு வந்து கிடைத்த வேலையோ பட்டுக் கடையில். அசல் பட்டுதானா என்று யாராவது சந்தேகப்பட்டால் கடைக்காரர் சேலை ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவிக் கொளுத்திக் காட்டுவார். அசல் பட்டு எரிந்தால் முடி கருகும் நாற்றம் வரும். கல்யாணப் பெண்ணின் அம்மா அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டுவாள். வாசலில் நிற்கும் தனசேகரன் சட்டைப் பையில் தீப்பெட்டியைத் தேடுவார். முகூர்த்த மாதங்களில் அந்தக் கடையில் ஒரு நாளைக்கு நாற்பது இழையாவது எரியும்.

இந்த நிலைமையில்தான் அவருக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. போர் அதிர்ச்சியால் மனம் பாதிக்கப்பட்ட முன்னாள் வீரர்களைப் புகைப் பழக்கத்திலிருந்து மீட்க, வீரர் தொலைநல வாரியம் என்ற அமைப்பு வீட்டுக்கே செல்போன் வழியாகச் சிகிச்சை தருகிறதாம். அவருடைய மனைவி சம்பூர்ணம் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, நலம் தொலைந்துபோனவர்களுக்கான வாரியமா, நலத்தைத் தொலைக்கிற வாரியமா என்று கேட்டாள். தனசேகரன் அவளைக் கடிந்துகொண்டு அன்றைக்கே பெயரைப் பதிவு செய்தார்.

விண்ணப்பத்தில் முதல் கேள்வி, ஏன் புகைக்கிறீர்கள் என்பது. பதிலாக நான்கு கட்டங்கள் இருந்தன: மகிழ்ச்சிக்காக, நண்பர்களுக்காக, பொழுதுபோக்குக்காக, செரிமானத்துக்காக. எதையாவது தொடாமல் அடுத்த பக்கம் திறக்காது. தனசேகரன் அரை மணி நேரம் யோசித்து, இருப்பதில் சின்னப் பொய் எது என்று பார்த்து, செரிமானத்தைத் தொட்டார். அன்றிலிருந்து மூன்று மாதம் வாரியம் அவருக்குத் தினமும் சீரகத் தண்ணீரைப் பற்றி ஒரு வீடியோ அனுப்பியது.

அடுத்து, அதிர்ச்சியை நிரூபிக்க வேண்டும். சம்பவத்தின்போது கூட இருந்த இரண்டு சாட்சிகளின் பெயரும் கையெழுத்தும் கேட்டார்கள். தனசேகரன் உதவி எண்ணைக் கூப்பிட்டார். எடுத்த அதிகாரியின் குரல் மிகவும் மரியாதையாக இருந்தது.

"கூட இருந்தவங்க ரெண்டு பேரும் அதுலயே செத்துட்டாங்க சார்," என்றார் தனசேகரன்.

"அப்படின்னா வாரிசுங்க கையெழுத்து போதும் சார். நாங்க ஏத்துக்குவோம்."

"சரிங்க."

"ஆனா அந்த வாரிசு சம்பவத்தை நேர்ல பாத்திருக்கணும்."

தனசேகரன் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். வேறு வழி இருக்கிறதா என்று கேட்டதற்கு, அந்த இடத்துக்கே போய் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பலாம், பின்னணியில் மலை தெளிவாகத் தெரிய வேண்டும் என்று பதில் வந்தது. அவர் யோசித்துப் பார்த்து, இரண்டு சாட்சிக் கட்டத்திலும் தன் பெயரையே எழுதித் தானே கையெழுத்துப் போட்டு அனுப்பினார். வாரியம் உடனே ஏற்றுக்கொண்டது. அதன் ஆவணங்களின்படி அந்த மலைச்சாலையில் மூன்று தனசேகரன்கள் இருந்தார்கள்.

சிகிச்சை தொடங்கியது. வாரத்துக்கு ஒரு வீடியோ அழைப்பு, ஏழு நிமிடம். ஒன்பது வாரத்தில் ஒன்பது ஆலோசகர்கள் வந்தார்கள். யாரும் இரண்டாம் முறை வரவில்லை. ஒருவரிடமே நெருங்கிப் பழகினால் வீரருக்கு வேறொரு பழக்கம் உருவாகிவிடும் என்பது வாரியத்தின் கொள்கை. ஒவ்வொரு புது ஆலோசகரும் சம்பவத்தை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். தனசேகரன் முகாமிலிருந்து கிளம்பியதையும், வழியில் டீ குடித்ததையும், மழை தூறியதையும் சொல்லி, வண்டி அந்த வளைவில் திரும்பும் இடத்துக்கு வருவார். அப்போது பதிவு செய்யப்பட்ட ஒரு பெண் குரல், "உங்கள் நேரம் முடிந்தது, உங்கள் தியாகத்துக்கு நன்றி" என்று சொல்லி இணைப்பைத் துண்டிக்கும்.

ஒன்பது வாரமும் வாரியம் அவரைக் கூட்டிக்கொண்டு போய் அந்த வளைவில் இறக்கிவிட்டுப் போனது. மிச்ச வழியை அவர் தனியாகப் போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் வரிசையாக ஐந்து பீடி. ஒரு நாளைக்குப் பதினைந்தாக இருந்தது இருபத்தெட்டு ஆனது. வாரியத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அவருடைய பங்கேற்பு நூறு சதவீதமாம். எத்தனை பீடி என்று எழுத அந்தக் கடிதத்தில் இடமே இல்லை.

செல்போன் செயலியின் கதை தனி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அது, இப்போது புகைக்கிறீர்களா என்று கேட்கும். இல்லை என்று தொட்டால் பாராட்டும் விதமாகத் திரையில் வாணவேடிக்கை தெரியும், போனில் சரவெடி வெடிக்கும். சத்தத்தை எவ்வளவு குறைத்து வைத்தாலும் அந்த நேரத்துக்குச் செயலி தானே கூட்டிக்கொள்ளும். வீரரின் வெற்றி சுற்றியிருப்பவர்களுக்கும் கேட்க வேண்டுமல்லவா.

ஒரு வைகாசி முகூர்த்தத்துக்கு முந்தின வாரம், கடை நிறையக் கூட்டம் இருந்தபோது, தனசேகரன் நல்ல பிள்ளையாக, "இல்லை" என்று தொட்டார். அடுத்த விநாடி அவர் கல்லாவுக்கு அடியில் கிடந்தார். கூடவே கல்யாணப் பெண்ணின் அப்பாவையும் இழுத்துப் போட்டு, அவர் தலையைத் தன் கையால் மூடியிருந்தார். பெண்ணின் அப்பாவுக்கு முழங்கை சிராய்ந்துவிட்டது. குப்புசாமி நல்ல மனிதர், தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார். ஆனால் இன்னொரு தடவை இப்படி நடந்தால் வியாபாரம் தாங்காது என்றும் சொன்னார். 

அவர் வாரியத்துக்குப் புகார் எழுதினார். வெடிச் சத்தம் கேட்டால் தன்னால் தாங்க முடியவில்லை, அதனால்தான் இந்தச் சிகிச்சைக்கே வந்தேன் என்று விளக்கமாக எழுதினார். வாரியத்தின் இயக்குநர் ஆனந்தராஜ் நேரடியாக வீடியோவில் பதில் சொன்னார். நரைத்த மீசை, பின்னால் தேசியக் கொடி. அவர் ராணுவத்தில் இருந்தவர் இல்லை. வாரியத்துக்கு வரும் முன் சுற்றுலாத் துறையில் இருந்தார்.

"உங்க மனக்குறை எங்களுக்குப் புரியுது," என்றார் ஆனந்தராஜ். "தீபாவளிப் பட்டாசு சாதாரண ஜனங்களுக்கு. ஒரு வீரரை அதை வெச்சுப் பாராட்டினது எங்க தப்புதான். நாளையிலேருந்து உங்களுக்கு முழு ராணுவ மரியாதை."

மறுநாளிலிருந்து பீடி பிடிக்காத ஒவ்வொரு முறையும் இருபத்தொரு பீரங்கிக் குண்டுகள் முழங்கின.

அந்தச் சத்தத்திலிருந்து தப்ப ஒரே வழிதான் இருந்தது. கேள்வி வரும்போதெல்லாம் ஆமாம், புகைக்கிறேன் என்று தொட வேண்டும். அப்போது செயலி மௌனமாக வருத்தப்படும். தனசேகரன் பதினேழு வருடம் பொய் அறிக்கை கொடுத்ததில்லை. ஆமாம் என்று தொட்டுவிட்டால் அது உண்மையாக இருக்கட்டும் என்று ஒரு பீடியைப் பற்றவைத்துவிடுவார். புண் ஆறிய இடம் மறுபடி கறுக்க ஆரம்பித்தது. சம்பூர்ணம் தினமும் வெந்நீரில் அவர் காலைக் கழுவித் துடைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ஏலவார்குழலி கூப்பிட்டாள். அவள் ஆலோசகர் இல்லை. வாரியத்தின் சென்னை அலுவலகத்தில் திருப்தி அறியும் பிரிவில் வேலை. வீரர்களைக் கூப்பிட்டு, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எவ்வளவு திருப்தி என்று கேட்டு, எண்ணைக் குறித்துக்கொண்டு வைத்துவிட வேண்டும். ஒரு அழைப்புக்கு ஒன்றரை நிமிடம்.

தனசேகரன் சீக்கிரம் வைத்தால் போதும் என்று ஐந்து என்றார்.

"ஐயா, ஆலோசகருங்க எழுதி வெச்ச குறிப்புல உங்க பீடி பதினைஞ்சுலேருந்து இருபத்தெட்டு ஆயிருக்குது," என்றாள் ஏலவார்குழலி. "அப்புறம் எப்படி அஞ்சு போடுறீங்க?"

பதினொரு வாரத்தில் அந்த எண்ணை யாராவது சொல்லி அவர் கேட்பது அதுதான் முதல் தடவை.  பீடி பற்றவைப்பதற்குச் சற்று முன்னால் என்ன நடக்கிறது என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்வி எந்த விண்ணப்பத்திலும் இருந்ததில்லை.

"கடையில பட்டு இழைய கொளுத்துவாங்கம்மா," என்றார். "அந்த நாத்தம் வந்தா..."

"முடி பொசுங்கற மாதிரி வரும். எங்க அப்பாவும் நெய்யறவருதான்யா, காஞ்சிபுரம்தான் எங்களுக்கு. தெரியும். நீங்க சொல்லுங்க."

அவர் சொன்னார். வண்டி அந்த வளைவைத் திரும்பியது. யாரும் துண்டிக்கவில்லை. எரிந்த இருவரின் பெயரையும், ஒருவர் வீட்டுக்கு எடுத்துப் போகக் குங்குமப்பூ வாங்கி வைத்திருந்ததையும், தான் ஓடிப் போய்க் கதவை இழுத்ததையும், கதவு சுட்டுக் கையை எடுத்துவிட்டதையும் சொன்னார். கையை எடுத்ததைத்தான் அவர் யாரிடமும் சொன்னதில்லை. அந்த அழைப்பு ஐம்பத்திரண்டு நிமிடம் நீடித்தது.

ஏலவார்குழலி மறுநாள் அலுவலகத்தில் வாரியத்தின் சிகிச்சைக் கையேட்டைத் தேடி எடுத்தாள். அது பிளாஸ்டிக் உறை கிழிக்காமல் அலமாரியில் இருந்தது. கடைசிவரை ஒரே ஆலோசகர் பேச வேண்டும், அதிர்ச்சியையும் புகையையும் சேர்த்தே கவனிக்க வேண்டும், நிக்கோடின் பட்டையோ சூயிங்கமோ தர வேண்டும் என்று அதில் தெளிவாகத்தான் எழுதியிருந்தது. அவள் அதன்படி செய்தாள். கால் பார்த்த டாக்டரிடமே சூயிங்கத்துக்குச் சீட்டு வாங்கச் சொன்னாள். அந்த டாக்டர் பரிந்துரைத்த மனநல டாக்டரையும் தனசேகரன் போய்ப் பார்த்தார். குப்புசாமியிடம் ஏலவார்குழலி போனில் பேசி, இழை கொளுத்துவதைப் பின்கட்டு முற்றத்துக்கு மாற்றவைத்தாள். கடையில் கூட்டம் ஏறும் பதினொரு மணிக்குத் தினமும் கூப்பிட்டாள். செயலியை அழித்துவிடச் சொன்னதும் அவள்தான்.

மூன்றாம் வாரம் தனசேகரன் கடைசி பீடியைப் பிடித்தார். அது கடைசி என்று அப்போது அவருக்குத் தெரியாது. பத்து நாள் ஆனது, இருபது ஆனது. கால் விரல்களில் சூடு திரும்பியது. சம்பூர்ணம் அவர் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

நாற்பதாவது நாள் வாரியம் இரண்டு முடிவுகளை எடுத்தது. ஒன்று, ஒன்றரை நிமிடம் பேச வேண்டிய ஊழியர் சராசரியாக முப்பது நிமிடம் பேசியதால் ஏலவார்குழலி வேலையிலிருந்து நீக்கப்பட்டாள். ஆணையில் காரணம், அனுமதியற்ற பரிவு என்று எழுதியிருந்தது. இரண்டு, அவள் எழுதி வைத்த பதிவின்படி, திட்டத்தில் சேர்ந்த ஆயிரத்து நூற்று நாற்பது பேரில் முதன்முதலாகப் புகையை விட்டவர் தனசேகரன் என்பதால் காஞ்சிபுரத்திலேயே அவருக்கு விழா எடுப்பது. இரண்டு ஆணையிலும் கையெழுத்துப் போட்டவர் ஆனந்தராஜ்.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில், காலை பத்து மணிக்கு. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து அறுபது முன்னாள் வீரர்களைப் பேருந்து வைத்து அழைத்து வந்திருந்தார்கள். ஏலவார்குழலியின் வேலை போன செய்தி தனசேகரனுக்கு அங்கே வாசலில்தான் தெரிந்தது. பூங்கொத்து கொடுத்த ஊழியர் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போனார்.  தனசேகரன் பூங்கொத்தை நாற்காலியில் வைத்துவிட்டு மேடையில் போய் உட்கார்ந்தார். அவர் கழுத்தில் மாலை போட்டார்கள்.

ஆனந்தராஜ் முக்கால் மணி நேரம் பேசினார். தன் வாரியம் இதுவரை ஒரு வீரரைக் கூட நேரில் பார்த்ததில்லை என்றும், பார்க்காமலே அக்கறை காட்டுவது எவ்வளவு கடினம் என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரியாது என்றும் சொன்னார். ஆயிரத்து நூற்று முப்பத்தொன்பது பேர் இன்னும் புகைப்பதால் திட்டத்தின் தேவை நிரூபணமாகியிருக்கிறது, எனவே இன்னும் ஐந்து வருடத்துக்கு நீட்டிக்கக் கேட்டிருக்கிறோம் என்று சொன்னபோது முன்வரிசை அதிகாரிகள் கைதட்டினார்கள். பிறகு ஒரு வெள்ளித் தட்டு வந்தது. அதில் ஒரு சிகரெட்டும் ஒரு லைட்டரும் இருந்தன.

தனசேகரன் அதைப் பற்றவைத்து நாலு இழுப்பு இழுக்க வேண்டும். ஆனந்தராஜ் அவர் வாயிலிருந்து அதைப் பிடுங்கித் தரையில் போட்டு மிதிப்பார். அதைப் படம் எடுப்பார்கள். பீடி படத்தில் எடுபடாது என்பதால் சிகரெட்.

"நான் நிறுத்தி நாப்பத்தஞ்சு நாளாவுது சார்," என்றார் தனசேகரன்.

"தெரியும். ஆனா நீங்க நிறுத்தினதை யாரு பாத்தா?" என்று ஆனந்தராஜ் அவர் தோளில் கை போட்டுப் பணிவாகக் கேட்டார். "புகைக்கலேன்னா நாங்க எதை நிறுத்தறது? ஒரு நிமிஷ வேலை."

தனசேகரன் எழுந்து மைக் முன்னால் போனார்.  

"என்னை நிறுத்தவெச்சது ஒரு பொண்ணு," என்றார். "ஏலவார்குழலின்னு பேரு. நான் பேசறப்போ கேட்டுக்கினு இருந்துச்சு, அவ்ளோதான் அது பண்ண தப்பு. அத்த வேலைய விட்டுத் தொரத்திட்டு எனக்கு மாலை போடறீங்க. என் காலு போனா உங்க கணக்குல எந்தக் கட்டத்துல எயுதுவீங்க..."

அதற்குள் மைக்கை அணைத்துவிட்டு நாதஸ்வரத்தைப் போட்டுவிட்டார்கள். அவர் மாலையைக் கழற்றித் தட்டில் சிகரெட்டின் மேல் வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கினார்.

படம் இல்லாமல் விழாவை முடிக்க முடியாது. ஆனந்தராஜ் கூட்டத்தைப் பார்த்து, நாட்டுக்காக ஒத்துழைக்கிற வீரர் ஒருவர் கூடவா இங்கே இல்லை என்று கேட்டார். மூன்றாம் வரிசையில் இருந்த, தாமல் ஊர்க்காரரான ராஜவேலு மெதுவாக எழுந்தார். அவர் யாருடைய உதவியும் இல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று மாதமாகச் சிகரெட்டைத் தொடாமல் இருந்தவர். வாரியத்துக்கு அது தெரியாது. செயலியில் அவர் போன் எண் தப்பாக ஏறியிருந்தது. ஆனால் அவருடைய ஊன ஓய்வூதியம் அந்த மாதம் மறுபரிசீலனைக்குப் போயிருந்தது. அந்தப் படிவத்தில் ஒத்துழைப்பு என்று ஒரு கட்டம் இருந்தது.

முதல் சிகரெட்டில் படம் சரியாக விழவில்லை. இரண்டாவதில் ஆனந்தராஜ் கண்ணை மூடிவிட்டார். மூன்றாவதில் எல்லாம் சரியாக அமைந்தது. ராஜவேலு மூன்றையும் பிடித்தார்.

ஆனந்தராஜ் காலால் மிதித்த அந்த நொடியில், ஏற்பாட்டின்படி, மண்டபத்தின் நான்கு மூலை ஒலிபெருக்கிகளிலும் இருபத்தொரு பீரங்கிகள் முழங்கின. அறுபது பேரில் முக்கால்வாசிப் பேர் நாற்காலிகளுக்கு நடுவே தரையில் குப்புற விழுந்தார்கள். சிலர் காதைப் பொத்திக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை. வெளி வாசல்வரை போயிருந்த தனசேகரனும் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் வாரியம் வெளியிட்ட மலரில் அந்தப் படம் முழுப் பக்கத்துக்கு வந்திருந்தது. நன்றிப் பெருக்கில் இயக்குநர் முன் விழுந்து வணங்கும் வீரர்கள் என்று கீழே போட்டிருந்தார்கள்.

தனசேகரனுக்கு ஒரு கடிதம் வந்தது. விழாவில் ஒத்துழைக்காததால் அவருடைய கோப்பு மூடப்படுகிறது, அங்கீகரிக்கப்படாத முறையில் விட்டதால் அவர் புகையை விட்டது செல்லாது, விரும்பினால் மறுபடியும் புகைக்கத் தொடங்கிப் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று அதில் இருந்தது. சம்பூர்ணம் அதைப் படித்துவிட்டு நாலாக மடித்து ஆடுகிற கட்டில் காலுக்கு அடியில் வைத்தாள்.

பிறகு டவுன் பஸ்களின் பின்னால் ராஜவேலுவின் முகம் வந்தது. ஆனந்தராஜ் சிகரெட்டைப் பிடுங்குகிறார், பக்கத்தில், வென்றார் வீரர் என்ற எழுத்து. கடை வாசலில் நின்ற தனசேகரன் முன்னால் அந்த பஸ் ஒரு நாளைக்கு எட்டு தடவை போனது. மூன்று மாதமாகத் தொடாமல் இருந்த ராஜவேலு விழா அன்றே ஒரு பாக்கெட் வாங்கிவிட்டார், இப்போது விடாமல் ஊதுகிறார் என்று கடைக்கு வந்த தாமல்காரர் ஒருவர் சொன்னார். அன்றைக்குத் தனசேகரனால் வேலை பார்க்க முடியவில்லை. தான் இறங்கி வந்ததால்தான் அந்த மனிதர் ஏறினார் என்ற நினைப்பு அவரைத் தின்றது. கூடவே, அந்தத் தட்டை நீட்டியவன் தானில்லை என்ற கோபமும் இருந்தது. குப்புசாமியிடம் சொல்லிவிட்டு மத்தியானமே தாமலுக்குப் பஸ் ஏறினார்.

ராஜவேலுவின் வீடு ஏரிக்கரைக்குப் போகும் வழியில் இருந்தது. கதவைத் திறந்த அவர் மனைவி கிருஷ்ணம்மாள், வாரியத்திலிருந்து வந்திருக்கிறவர் என்று நினைத்துக் கதவைச் சாத்தப் பார்த்தாள். தனசேகரன் விரல் போன தன் காலைக் காட்டினார். அவள் விலகி வழிவிட்டாள். உள்ளே ராஜவேலு கட்டிலில் உட்கார்ந்து புகைத்துக்கொண்டிருந்தார். வந்தவரை அடையாளம் தெரிந்ததும் சிகரெட்டை மறைக்கப் பார்த்தார்.

"என்னைத் திட்ட வந்தியா?" என்று கேட்டார்.

"உன்னைத் திட்ட எனக்கு இன்னா இருக்குது," என்றார் தனசேகரன். "அந்தப் பொண்ணு நம்பர் எங்கிட்ட இருக்குது. இப்ப வேற கம்பெனியில வேலைக்குப் போவுது. அஞ்சு மணிக்கு மேல பேசறேன்னு சொல்லிக்கீது. நீ பேசுறதா இருந்தா நான் கூடவே குந்தியிருக்கேன்."

 இருவரும் ஐந்து மணிவரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கிருஷ்ணம்மாள் டீ கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். ஐந்து பத்துக்கு ஏலவார்குழலி கூப்பிட்டாள். தனசேகரன் போனைக் கட்டில் மேல் வைத்தார். அவள் முதலில் தன் பெயரைச் சொன்னாள், எந்த அலுவலகத்திலிருந்தும் பேசவில்லை, வீட்டுக்குப் போகிற வழியில்தான் பேசுகிறேன் என்றாள்.  ராஜவேலு போனுக்குப் பக்கமாகக் குனிந்து, "அன்னைக்கு நான்தான் போவ வேண்டியதும்மா," என்று ஆரம்பித்தார். "என் முறைக்கு என் கூட்டாளி போனான். திரும்பி வரல."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. பத்தொன்பது வருடமாக அந்த வீட்டில் இருக்கும் கிருஷ்ணம்மாள், ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவளும் அதை இப்போதுதான் கேட்கிறாள்.